திட்டக் குழுவும் எங்கள் சுடுகாட்டுப் பாதையும்

எங்க தாத்தா செத்தது கார்த்திகை மாசம். பிசானத்துக்கு நட்டு முடித்து, வயலெல்லாம் தண்ணி நின்ற நேரம். எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக ரெண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு வழி. அது எங்களுக்கு இல்லை. இன்னொன்று வரப்பு. வரப்பில் ஒரு ஆள் நடக்கலாம், பாடை தூக்கிய நாலு பேர் நடக்க முடியாது. ஒரு பக்கத்து ஆட்கள் வரப்பில் நின்றால் மறுபக்கத்து ஆட்கள் நடவுக்குள் இறங்கியாக வேண்டும். இறங்கினால் "நட்ட பயிரை மிதிச்சிட்டானுவ" என்று சண்டை வரும். செத்த வீட்டில் சண்டைக்கு யாருக்குத் தெம்பு? வாய்க்காலுக்குள் இறங்கித்தான் கொண்டு போனார்கள். எனக்கு அப்போ பதினோரு வயசு. மாமாமார் இடுப்பளவு தண்ணியில், பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு இடத்தில் காலில் சேறு வழுக்கி பாடை சாய்ந்தது. தாத்தாவின் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணி நனைந்து, சுடுகாடு வரைக்கும் சொட்டிக்கொண்டே வந்தது.

தாத்தா மடைக்குடும்பர். நீர்பாய்ச்சி என்றும் சொல்வார்கள். குளத்து மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த மடைக்கு எத்தனை நாள், கடைசி வயலுக்குத் தண்ணி எட்ட எவ்வளவு நேரம், மழை பொய்த்த வருஷம் யார் வயலைக் காய விடாமல் எப்படிச் சுற்றி விடுவது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளந்து போடுவார்கள், அதுதான் சம்பளம். அந்த வாய்க்காலும் அவர் வருஷா வருஷம் தூர் வாரிய வாய்க்கால்தான்.

ஊர்ப் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்குப் பதில் சொல்கிறவள் என் சின்னம்மை, நானில்லை. இலத்தூர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே பார்த்தால் மலை. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் எங்கள் ஓட்டுக் கூரையிலும் விழும். குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன், எங்களுக்கு ஒழுகல்.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்றால், 2023 ஜூன் 23ஆம் தேதி மாவட்டத் திட்டக் குழுக்களுக்குத் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்டது நீங்களோ நானோ இல்லை. மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் நகராட்சி, பேரூராட்சிக் கவுன்சிலர்களும் தங்களுக்குள் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். பேப்பரில் படித்தபோது, இப்படி ஒரு குழு இருப்பதே எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் பத்து வருஷமாக மனு எழுதுகிறவன். எங்கள் பக்கத்தில் யாருக்கு முதியோர் உதவித்தொகை நின்றாலும், பட்டா வராவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். எம்.ஏ. தமிழ் படித்ததற்குக் கிடைத்த உத்தியோகம் அது.

தேடிப் படித்தேன். 1992இல் நிறைவேறி 1993இல் அமலுக்கு வந்த 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் சொல்வது இது: ஊராட்சி தன்னுடைய பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் தானே திட்டம் எழுதலாம். நகராட்சியும் எழுதலாம். இந்த ரெண்டையும் சேர்த்து மாவட்டம் முழுமைக்கும் ஒரு வரைவுத் திட்டம் போட்டு மாநில அரசுக்கு அனுப்புவது மாவட்டத் திட்டக் குழுவின் வேலை. அரசியல் சட்டத்தின் 243-இசட்.டி. பிரிவு. தண்ணீரையும் மற்ற இயற்கை வளங்களையும் ஊருக்கும் நகரத்துக்கும் எப்படிப் பகிர்வது, ரோடு போன்ற வசதிகளை எப்படி இணைத்துச் செய்வது, சுற்றுச்சூழலை எப்படிக் காப்பது, இதையெல்லாம் அந்தக் குழு பார்க்க வேண்டும். உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவர் அதற்குத் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர்.

கலெக்டர் துணை! படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பவும் படித்தேன். ஊராட்சியில் தலித்துகளுக்கு இட ஒதுக்கீடு உண்டு, நகராட்சியில் உண்டு, அரசியல் சட்டமே அதைச் சொல்கிறது. எல்லாத் திட்டமும் வந்து சேர்கிற இந்த மேசையைப் பற்றிய பிரிவில் மட்டும் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மேசையில் நம்மாள் உட்கார்ந்தால் அது அதிர்ஷ்டம். உட்காராவிட்டால் கேட்பதற்குப் பிரிவு இல்லை.

தண்ணீரைப் பகிர்வது என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மேக்கரையில் அடவிநயினார் அணை, செங்கோட்டைக்கு மேலே குண்டாறு, கடையநல்லூருக்கு மேலே கருப்பாநதி. அதில் தேங்குகிற தண்ணியைக் குளம் குளமாகப் பிரித்துவிடுகிற வேலையை இந்த வட்டாரத்தில் காலங்காலமாகச் செய்தவர்கள் யார்? தாத்தா செய்தது வட்டாரத் திட்டமிடல் இல்லையா? அதற்குப் பேர் வைக்காமல் நெல் அளந்து போட்டார்கள்.

தோழர்கள் சிலர், "கிராமத்துக்கு அதிகாரம் வந்தால் நமக்கும் வரும்" என்பார்கள். அண்ணல் அதை நம்பவில்லை. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியதைப் படித்தால் தெரியும். கிராமத்தை அரசியல் சட்டத்தின் அடிப்படை அலகாக வைக்காததற்கு அவர் சந்தோஷப்பட்டார். ஆனால் அவர் திட்டமிடலுக்கு எதிரி இல்லை. இதை நம்மில் பலர் பேசுவதே கிடையாது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பு. தாமோதர் நதி வெள்ளத்தைப் பற்றி 1945 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. அமெரிக்காவில் டென்னசி நதிப் பள்ளத்தாக்குக்கு 1933இல் அமைத்த ஆணையத்தை முன்மாதிரியாக வைத்து, 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் வந்தது. நதியை மாகாண எல்லையால் வெட்டாமல் முழுப் பள்ளத்தாக்காகப் பார்க்க வேண்டும், வெள்ளத் தடுப்பும் பாசனமும் மின்சாரமும் ஒன்றாகத் திட்டமிடப்பட வேண்டும் என்பது அந்த யோசனை. கிராமத்தை நம்பாதவர் வட்டாரத்தை நம்பினார். கிராமத்தில் நிலம் வைத்திருப்பவன் முகத்துக்கு எதிரே நின்று பேச வேண்டும். வட்டாரம் என்று வரும்போது அவன் பிடி கொஞ்சமாவது தளரும். எனக்கு அப்படித்தான் புரிகிறது.

ஆனால் நம் சட்டத்தில் வட்டாரத்துக்குப் போகிற வழி கிராமத்தின் வழியாகத்தான் போகிறது. கீழே எழுதப்படாதது மேலே போகாது.

கீழே எப்படி எழுதுகிறார்கள் என்பதையும் பார்த்தேன். கிராம சபை. சின்னம்மை எழுந்து, "சுடுகாட்டுக்குப் பாதை வேணும்யா, பொணத்த வாய்க்கால்ல தூக்கிட்டுப் போறோம்" என்றாள். முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எதுக்கெல்லாம் தீர்மானம் போடுவீய? அது பட்டா நெலம்லா." எழுதுகிறவர் எழுதினார். பிறகு அந்த வருஷத் திட்டப் பட்டியல் கைக்கு வந்தபோது தேடிப் பார்த்தேன். எங்கள் சுடுகாடு இருந்தது! எரிமேடைக்குக் கொட்டகை. பாதை இல்லை. கொட்டகைக்குத் திட்டத்தில் தலைப்பு இருக்கிறது, அளவு இருக்கிறது, மதிப்பீடு இருக்கிறது, மேலேயிருந்து வந்த பட்டியலில் அது ஒரு வரி. பாதைக்கு நிலம் எடுக்க வேண்டும், நிலம் யாருடையது என்று கேட்க வேண்டும். அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பிறகு, டிராக்டரில் கம்பியும் சிமெண்டும் கொண்டுபோய்க் கொட்டகையைக் கட்டி முடித்தார்கள். டிராக்டர் வயல் வழியே போனதற்கு யாரும் சண்டை போடவில்லை. இப்போது நாங்கள் பிணத்தை வாய்க்கால் வழியாகக் கொண்டுபோய், நனையாத கொட்டகையில் வைக்கிறோம்.

பட்டா நிலம் என்றால் எடுக்க முடியாதா? முடியும். அரிசன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் சட்டம் என்று தமிழ்நாட்டில் 1978லேயே ஒன்று இருக்கிறது, 31ஆம் எண் சட்டம். வீட்டுமனைக்கு மட்டுமல்ல, சுடுகாட்டுக்கும் சுடுகாட்டுக்குப் போகிற பாதைக்கும் அதன் கீழ் நிலம் எடுக்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. (பேரைப் பாருங்கள். அண்ணல் வேண்டாமென்ற பேரில்தான் நமக்குச் சட்டம் வந்தது.) சுடுகாடு அமைத்துப் பராமரிப்பது ஊராட்சியின் கடமை என்று 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டமும் சொல்கிறது. பிறகு ஏன் நடக்கவில்லை? ஒரு அலுவலகத்தில் ஊராட்சித் தீர்மானம் வேண்டும் என்றார்கள். தீர்மானம் போட வேண்டியவர்கள் வருவாய்த் துறையைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். நிலத்துக்காரர் சம்மதித்தால் எனக்குச் சட்டம் எதற்கு? சுடுகாடுபோல எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிற ஒரு மேசை வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த மேசைதான் மாவட்டத் திட்டக் குழு, எழுத்தில்.

எழுத்தில் மட்டும்தான் பல வருஷம் இருந்தது. 2016 அக்டோபரோடு உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி 33ஆவது மாவட்டம் ஆனது. முன்னே மனுக் கொடுக்கத் திருநெல்வேலிக்கு ஒரு நாள் கூலியை விட்டுப் போய் வரவேண்டும், இனிமேல் பக்கத்தில் கலெக்டர் என்று நானும்தான் லட்டு தின்றேன். ஆனால் புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் வார்டு எல்லை திரும்ப வரைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால், 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது நம்முடையது உள்பட 9 மாவட்டங்கள் வெளியே நின்றன. 2021 அக்டோபரில்தான் ஓட்டு. முழுசாக அஞ்சு வருஷம். தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே இல்லாதபோது அவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் குழு எங்கிருந்து வரும்? அந்த அஞ்சு வருஷமும் ரோடு போட்டார்கள், பாலம் கட்டினார்கள். திட்டம் எங்கேயோ ஒரு அறையில் போடப்பட்டது.

தேர்தல் நடந்தாலும் நம்மாள் திட்டம் போட விடுவார்களா என்பது வேற கேள்வி. மேலவளவு முருகேசனை 1997 ஜூன் 30ஆம் தேதி பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 1996 முதல் 2006 வரை தலித் ஒருவரைத் தலைவராக உட்காரவே விடவில்லை. அது மதுரை, விருதுநகர்ப் பக்கம் என்று நினைக்க வேண்டாம். 2006 நவம்பரில் கொல்லப்பட்ட ஊராட்சித் தலைவர் ஜக்கையனின் நக்கலமுத்தன்பட்டி இன்றைய தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2011 ஜூனில் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணியை வெட்டினார்களே, எதற்கு? பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்ட நிலம் ஒதுக்கினார். ஒரு கழிப்பிடம். மாவட்டத் திட்டத்தில் அது ஒரு வரிகூட இருக்காது. அந்த ஒரு வரிக்காக ஒரு அருந்ததியப் பெண் உடம்பெல்லாம் வெட்டு வாங்கி உயிர் தப்பினார். திட்டமிடல் என்பது நிபுணர்கள் வேலை, நமக்கு என்ன தெரியும் என்று சொல்கிற நம் பிள்ளைகளுக்கு இந்த ரெண்டு பேரையும் ஞாபகப்படுத்துவேன்.

பணம் இல்லை என்பார்கள். அதுவும் பொய். 1979-80இல் சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. பி.எஸ். கிருஷ்ணன் என்ற அதிகாரி அதற்காக உள்ளேயிருந்து போராடினார். நாட்டின் திட்டச் செலவில் நம் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கு நமக்கென்று தனியாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். எல்லாருக்கும் போடுகிற ரோட்டில் நாமும் நடப்போம் என்று சொல்லி, அதில் ஒரு பங்கை நம் கணக்கில் எழுதினால் பணம் தீர்ந்துவிடும், சேரி அப்படியே இருக்கும். 2015இல் மத்தியில் திட்டக் கமிஷனே போய் நிதி ஆயோக் வந்தது. 2017-18 மத்திய பட்ஜெட்டிலிருந்து திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவும் போய்விட்டது. எதன் விகிதத்தில் நம் பங்கு என்ற கேள்வியையே இல்லாமல் செய்கிற வித்தை. ஆந்திராவும் கர்நாடகமும் 2013லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டன. தமிழ்நாடு 2024இல் போட்டது. சட்டம் வந்தது நல்லதுதான், 31ஆம் எண் சட்டமும் நல்ல சட்டம்தான்.

புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு மேலே ஏறினால் கேரளம். எங்கள் தெரு ஆட்கள் பலருக்கு அங்கேதான் வேலை. 1996இல் அங்கே மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கே கொடுத்தார்கள். சிறப்புக் கூறு நிதியும் பஞ்சாயத்துக்குப் போனது. புனலூர்ப் பக்கம் வேலை பார்த்த மாமா ஒருவர், "அங்கன வார்டு வார்டாக் கூடிப் பேசுதாவல, எங்கட்டயும் கேட்டாவ" என்பார், அதிசயத்தைக் கண்டவர் மாதிரி. அதற்காக அங்கே சாதி ஒழிந்தது என்று எழுத மாட்டேன். தலித்துகளை மூணு சென்ட், நாலு சென்ட் காலனிகளில் அடைத்த ஊர்தான் அதுவும். 2024 ஜூனில் காலனி என்ற பேரை அரசு எடுத்தது. 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலும் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். பேர் போகட்டும். பேர்ப்பலகை போன பிறகும் வாய்க்கால் அங்கேயேதான் ஓடுகிறது.

படித்த படிப்பு சும்மா விடுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களை அளந்து எழுதும்போது, வரி நீக்கிய நிலங்களையும் வரிசையாகச் சொல்வார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. வகுப்பில் பேராசிரியர் சோழரின் நில அளவைத் திறமைக்கு உதாரணமாகச் சொன்னார். நான் கடைசி பெஞ்சில் இருந்து, ஆயிரம் வருஷத்துக்கு முன்னேயே நம்மை எங்கே வைப்பது என்று அளந்து கல்லில் வெட்டியிருக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சேக்கிழார் நந்தனின் ஆதனூர்ப் புலைப்பாடியை விவரிக்கிற பாட்டுகளைப் படியுங்கள். குடிசை, கோழி, நாய்க்குட்டி, குழந்தைகள், எதையும் விடவில்லை. அவர் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்பது வேற. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு அமைச்சர் பார்த்த அளவுக்குக்கூட எங்கள் ஊர்த் திட்டப் புத்தகம் எங்கள் தெருவைப் பார்க்கவில்லை.

ஆகவே நாங்களே பார்த்தோம். போன வருஷம் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த நேரம், ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் ஏழு பேர், ஒரு நீளக் கயிறு, ஒரு நோட்டு. வீடு வீடாக எழுதினோம். எந்த வீட்டில் தண்ணிக் குழாய், எந்தக் குழாயில் தண்ணி, எந்தப் பிள்ளை எட்டாவதோடு நின்றது, எந்தக் கிழவிக்கு உதவித்தொகை நின்று எத்தனை மாசம், ரேஷன் கடைக்கு எவ்வளவு தூரம், தெருவிளக்கு எந்தக் கம்பத்தோடு முடிகிறது. தெருவிளக்கு ஊர்த்தெரு முடிகிற கம்பத்தோடு முடிகிறது. அதை எழுத ஒருத்தி நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பாதையை அளக்கப் போனபோது சின்னம்மையும் வந்தாள். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று ரெண்டு கிழவர்கள் தடுத்துப் பார்த்தார்கள். "செத்தாத்தான் போணுமோ?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். எந்தெந்த வயல் யாருடையது, எந்த வரப்பை அகலப்படுத்தினால் குறைந்த நிலம் போகும், வாய்க்காலில் எந்த இடத்தில் சின்னப் பாலம் போட்டால் தண்ணி தடைபடாது என்று அவள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்க அய்யா கூட மம்பட்டி தூக்கிட்டுப் போனது யாரு, நீயா?" என்றாள்.

பதினாலு பக்கம் வந்தது. கணினியில் அடித்து வரைபடம் ஒட்டினோம். முகப்பில் பெறுநர் என்ற இடத்தில், தலைவர், மாவட்டத் திட்டக் குழு, தென்காசி என்று எழுதினேன். நகல் ஊராட்சிக்கு, ஆதிதிராவிடர் நலத்துக்கு. 1978ஆம் வருஷத்துச் சட்டத்தின் பேரையும் எண்ணையும் முதல் பக்கத்திலேயே போட்டோம். ஒரு திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கியவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கு எங்கய்யா நம்பர் போடுறது?" என்று பக்கத்து மேசையைக் கேட்டார். பக்கத்து மேசைக்கும் தெரியவில்லை. நிற்கட்டும் என்று நின்றோம். கடைசியில் ஒரு நம்பர் போட்டார்கள், முத்திரையும் விழுந்தது.

சாயங்காலம் இலத்தூர் விலக்கில் இறங்கும்போது சாரல். ரசீது நனையாமல் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் சின்னம்மை உட்கார்ந்திருந்தாள். ரசீதை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லதுல. பிசான நடவுக்கு முன்ன வந்துருமா? மேலத்தெரு பெரியம்மைக்கு இந்த மழ தாங்காதுன்னு சொல்லுதாவ."